முதல் நாள் தாள்

“எங்க அப்பாவோட முதல் நாள் ரத்த ரிப்போர்ட்டக் கொடுங்க சார்.”

பூச்சிமருந்து தயாரிக்கும் அந்தத் தொழிற்சாலையின் பரிசோதனை அறையில் நான் சேர்ந்த அன்று மேனேஜர் சொன்ன ஒரே எச்சரிக்கை, முதல் நாள் தாளைக் கேட்கக் கூடாது என்பதுதான். வேலைக்கு வருகிறவரின் ரத்தத்தை, மருந்து மேலே படுமுன் ஒருமுறை சோதிப்பார்கள். அந்தத் தாள் மேனேஜருடைய இரும்பு அலமாரிக்குள் போய்விடும். பிறகு மாதாமாதம் எடுக்கும் ரத்தத்தைச் சுவரில் ஒட்டிய அட்டவணையோடு ஒப்பிட்டு, ‘நார்மல்’ என்று நான் கையெழுத்துப் போட வேண்டும்.

“நார்மல்னு நீதானேம்மா எழுதிருக்க?” என்றார் மேனேஜர்.

“அட்டவணைக்கு நார்மல். அவருக்கு?”

நரம்பு தசைக்கு ஒரு சேதி அனுப்பும். தசை அசைந்ததும் அதைத் துடைத்துப்போட ஒரு நொதி இருக்கிறது. எங்கள் மருந்து அந்த நொதியைக் கட்டிப்போடும். துடைக்க ஆளில்லாத சேதி தசையை நச்சரித்துக்கொண்டே இருக்கும். துடித்துத் துடித்துத் தசை ஓய்ந்துவிடும். மூச்சிழுக்கும் தசைக்கும் அதே கதிதான். சிலருக்கு இயல்பிலேயே அந்த நொதி அதிகம். பாதி போனபிறகும் அட்டவணைக்குள்ளேயே இருப்பார்கள். முதல் நாள் அளவோடு ஒப்பிட்டால்தான் குறைந்தது தெரியும்.

அதே தொழிற்சாலையில் வேலை செய்யும் அப்பாவை மேனேஜர் வரவழைத்தார். அப்பாவின் இடது இமை ஒரு மாதமாகத் துடிக்கிறது. சட்டைப் பொத்தானைப் போட முடிவதில்லை. கேட்டால், தையல்காரன் ஓட்டையைச் சின்னதாக வைத்துவிட்டான் என்பார்.

“நாளையிலேர்ந்து உன்னக் கலவைத் தொட்டிக்கு மாத்திருக்கேன். நார்மல்னு எழுதுறது உன் பொண்ணுக்குப் பிடிக்கலையாம்.” மருந்து அதிகம் மேலே படும் இடம் அந்தத் தொட்டிதான்.

“படிச்ச திமிருங்க சார், மன்னிச்சிடுங்க. பாப்பா, உன்ன இங்க உட்கார வெச்சதே சார்தான். வாய மூடு.”

“எதுக்கு உட்கார வெச்சாருன்னு கேளுப்பா. வேற யாராவது நார்மல்னு எழுதினா தொழிலாளிங்க நீங்கள்லாம் சந்தேகப்படுவீங்க. உன் பொண்ணே எழுதினா?”

மேனேஜர் ஒரு வெள்ளைத்தாளை நகர்த்தினார். “எனக்கு ஒரு குறையும் இல்லைன்னு எழுதிக் கொடுத்துடுப்பா.”

அப்பாவின் விரலிலிருந்து பேனா நழுவியது. எடுத்தார். மறுபடி நழுவியது.

“வழுக்குற பேனா சார்” என்று சிரித்தார். மேனேஜர் மின்விசிறியைப் பார்த்தார். நான் குனிந்து எடுத்துக் கொடுக்கவில்லை.

வெள்ளை அங்கியைக் கழற்றி மேஜைமேல் போட்டேன்.

“அலமாரியத் திறக்க ஆள் வருவாங்க சார். பதினேழு பேருக்கு நான் போட்ட கையெழுத்தெல்லாம் தேதி வாரியா எழுதி, காலையிலயே தொழிற்சாலை ஆய்வாளர் ஆபீஸ்ல கொடுத்துட்டேன். முதல் நாள் தாள நீங்களா கொடுத்திருந்தா அதையும் போய்ச் சொல்லியிருப்பேன்.”

“நீயும்தான் மாட்டுவ!”

“மாட்டணும்.”

“குடியக் கெடுத்துட்டியேடி” என்றார் அப்பா. அடுத்த வசவு பாதியில் குழறியது. நாக்கும் தசைதானே. மீதியைக் கேட்க நான் நிற்கவில்லை.