முன்னூறு நைட்டிகள்

பாரதி, இறந்துகிடந்த தன் அக்காவின் தலையைத் தூக்கிப் பிடித்தாள். பக்கத்து வீட்டு அமுதவல்லி ஈரத்துணியால் கழுத்தைத் துடைத்தாள்.

"கிடங்குச் சாவியக் குடு," என்றான் அண்ணன் கோவிந்தராசு.

லாஸ்பேட்டைக் கல்லூரியில் ஓவியம் சொல்லிக்கொடுத்தவள் தாமரைச்செல்வி. ஒன்றரை வருடமாக முதலியார்பேட்டையில் வீடுவீடாகப் போய்ப் பழைய நைட்டிகளைக் கேட்டு வாங்கினாள். உப்பளம் பகுதியில் ஒரு கிடங்கின் கூரையிலிருந்து அவற்றைத் தொங்கவிட்டாள். முன்னூறு நைட்டிகள், பார்க்க வருகிறவர்கள் அவற்றுக்கு நடுவே புகுந்து நடக்க வேண்டும். மஞ்சள் கறை, எண்ணெய்ப் பிசுக்கு, தையல் விட்ட அக்குள், எதையும் அவள் சரிசெய்ய விடவில்லை. கீமோ முடிந்து வந்த நாட்களிலும் ஏணியில் ஏறினாள். இன்று மாலை நாலு மணிக்குத் திறப்பு. விடியற்காலையில் மூச்சு நின்றுவிட்டது.

"ஆள வுட்டு எல்லாத்தயும் இறக்கிடறேன். பொம்பளைங்க கழட்டிப் போட்டத தொங்கவிட்டிருக்கான்னு ஊரே சிரிக்குது."

"அதுல ஒன்னு என்னுதுண்ணே," என்றாள் அமுதவல்லி, நிமிராமல்.

அவன் பாரதியிடம் திரும்பினான். "சாவு வூட்ல திறப்பு விழாவா?"

"நேத்து கூட அக்கா கேட்டுச்சு, லைட்டெல்லாம் எரியுதான்னு. எரியுதுன்னேன்."

"அவ போயிட்டா பாரதி."

"நான் இருக்கேன்ல. சாவி தரமாட்டேன்."

இரண்டு மணிக்கு வண்டி கிளம்பியது. ஆண்கள் பின்னால் நடந்தார்கள். பெண்கள் தெருமுனையோடு நின்றார்கள். அதற்கு மேல் போகும் வழக்கமில்லை. வீடு கழுவியாயிற்று. பாரதி தலைக்கு ஊற்றிக்கொண்டு, முடியில் நீர் சொட்ட வந்து செருப்பை மாட்டினாள்.

"நான் உப்பளம் போறேன். வர்றவங்க வாங்க."

"தீட்டோடயா?" என்றாள் பெரியம்மா.

"நைட்டிக்கு ஏது தீட்டு," என்றாள் அமுதவல்லி. அவளும் செருப்பைத் தேடினாள்.

பதினோரு பேர் மூன்று ஆட்டோக்களில் போனார்கள். வாசலில் காத்திருந்த கல்லூரிப் பிள்ளைகள் ஒதுங்கி வழிவிட்டார்கள். சரியாக நாலு மணிக்குப் பாரதி ஷட்டரைத் தூக்கினாள்.

பெண்கள் மெல்ல உள்ளே போனார்கள். துணி முகத்தில் உரசியது. ஒருத்தி தன்னுடையதைக் கண்டுபிடித்துக் கையை வைத்தாள். இன்னொருத்தி மோந்து பார்த்தாள். பெரியம்மா நடுவில் போய்ச் சிமெண்டுத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்தாள். அதன்பிறகு எல்லோரும் உட்கார்ந்தார்கள். அங்கேதான் அழுதார்கள்.

ஐந்தரைக்கு மொட்டைத் தலையும் ஈரவேட்டியுமாகக் கோவிந்தராசு வாசலில் வந்து நின்றான். யாரும் எழுந்திருக்கவில்லை. பாரதி மட்டும் எழுந்து, அவன் உள்ளே வர ஒரு பூப்போட்ட நைட்டியைத் திரைபோல ஒதுக்கிப் பிடித்தபடி நின்றாள்.