காதுக்குள் ஒரு மணி

முதல் தடவை அந்தச் சத்தம் வந்தபோது சந்திரகலாவுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. 'டிங்' என்று ஒரே ஒரு மணி. கம்ப்யூட்டரில் யாராவது கடிதம் போட்டால் வருகிற மணி. தட்டச்சை நிறுத்திவிட்டுத் திரையின் மூலையைப் பார்த்தாள். அங்கே நேரம் மட்டும்தான் இருந்தது. பத்து நாற்பது.

அவளுடையது காதால் செய்கிற வேலை. அமெரிக்காவில் டாக்டர்கள் நோயாளிகளைப் பார்த்து முடித்ததும் குறிப்புகளைப் பேசிப் பதிவு செய்துவிட்டுப் போவார்கள். அந்தப் பேச்சு கடல் தாண்டி வந்து, முதலியார்பேட்டையில் ஒரு மாடி அறையில், அவள் ஹெட்போனுக்குள் இறங்கும். கேட்டுத் தட்டச்சு செய்ய வேண்டும். காலடியில் ஒரு பெடல். மிதித்தால் டாக்டர் பேசுவார். காலை எடுத்தால் வாயை மூடிக்கொள்வார். புரியாத இடத்தில் குதிகாலை அழுத்தினால் பின்னால் போய், சலிக்காமல் இன்னொரு தரம் சொல்வார். நாள் முழுக்க அவளிடம் பேசுகிறவர்கள் அவர்கள்தான். அவர்களுக்கு அது தெரியாது, அவ்வளவுதான்.

இரண்டு வருடம் முன்புவரை உழவர்கரையில் இருக்கிற ஆபீசுக்குப் போய்க்கொண்டிருந்தாள். கணவன் விவாகரத்துக் காகிதம் அனுப்பிய மாதம், மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போதெல்லாம் கூடவே அவள் கதையையும் திறந்தார்கள். கேட்டவர்களில் கெட்டவர் ஒருத்தரும் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. பிராட்பேண்ட் வந்த புதிது. வீட்டிலிருந்தே செய்யலாம் என்று அறிவித்ததும் முதலில் பெயர் கொடுத்தவள் அவள். கம்பெனியே கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனது. அதற்கப்புறம் அந்த அறையில் பேச்சென்றால் இருதயம், சிறுநீரகம், முழங்கால் மூட்டு.

மணி மறுநாளும் வந்தது. அன்றைக்கு இரண்டு தடவை. கடிதப் பெட்டியைத் திறந்தாள். பழைய தோழி ஒருத்தி எட்டு மாதம் முன்பு அனுப்பிய பொங்கல் வாழ்த்துதான் மேலே இருந்தது. அரட்டைக்கு இருந்த மெசஞ்சரை அழித்தாள். செல்போனைச் சமையலறையில் கொண்டுபோய் வைத்தாள். யு.பி.எஸ். பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு, காய்ச்சல் பார்ப்பதுபோல் உட்கார்ந்திருந்தாள். எதை நிறுத்தினாலும் மணி நிற்கவில்லை. அது அடிக்கும்போதெல்லாம், எதுவும் இருக்காது என்று தெரிந்தும், கண் மட்டும் திரையின் மூலைக்குப் போய்விட்டு வந்தது.

பத்தாம் நாள் கம்பெனியிலிருந்து அருள்முருகன் வந்தான். மிஷின்களைப் பார்த்துக்கொள்கிற பையன்.

"வைரஸா இருக்குமோ தம்பி?"

"வைரஸ் மணி அடிச்சிட்டாக்கா வரும்? சொல்லாமக் கொள்ளாமத்தான் வரும், எங்க மாமியார் மாரி."

எல்லாவற்றையும் கழற்றித் துடைத்து மாட்டினான். பிறகு கம்ப்யூட்டரின் சத்தங்களை ஒவ்வொன்றாக அணைத்தான். கடிதம் வந்தால் சத்தம் இல்லை, பிழை வந்தால் சத்தம் இல்லை, திறந்தால் இல்லை, மூடினால் இல்லை. "டாக்டரு பேசறது மட்டும் கேக்கும். மத்தபடி இனிமே இது வாயே தொறக்காது" என்று சொல்லிவிட்டுப் போனான்.

மறுநாள் பதினோரு மணிக்கு 'டிங்' என்றது.

போன் செய்தாள். அருள்முருகன் சிரித்துக்கொண்டே சொன்னான்: "அக்கா, சத்தமே இல்லாத மிஷின்ல எப்படிக்கா சத்தம் வரும்? மிஷினு நல்லாருக்கு. நீங்க ஒரு தடவ காதக் காட்டிடுங்க."

விளையாட்டாகத்தான் சொன்னான். போனை வைத்ததும் அவளுக்கு அப்பா ஞாபகம் வந்தது.

அவள் அப்பா மில்லில் தறி ஓட்டியவர். நாற்பத்தைந்து வயதில் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்கி, "யாரோ சைக்கிள் மணி அடிக்கிறாங்க பாரு" என்றார். வாசலில் யாரும் இல்லை. அடுத்த வாரமும் போய்ப் பார்க்கச் சொன்னார். அப்போதும் யாரும் இல்லை. இரண்டு வருடத்தில் அவருக்கு எந்த மணியும் கேட்கவில்லை, இடியும் கேட்கவில்லை. சந்திரகலாவுக்கு இப்போது நாற்பத்தொன்று. காது போனால் வேலை போகும். வேலை போனால், பெடலை மிதித்ததும் பேசுகிற அந்தக் குரல்களும் போகும். அதற்குப் பிறகு அந்த அறையில் என்ன மிச்சமிருக்கும் என்று யோசித்துப் பார்த்தாள். மின்விசிறி இருக்கும். சுற்றுவது தெரியும்.

கீழ்வீட்டில் ஈனெஸ் அம்மாள். வீட்டுக்காரி. கணவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து காலமானவர், பிள்ளைகள் லியோன் நகரத்தில். நான்கு வருடமாக இருவருக்கும் நடுவில் நடந்த பேச்சு, படியில் எதிர்ப்பட்டால் "போன்ழூர் மதாம்", "போன்ழூர் கலா" என்கிற பிரெஞ்சு வணக்கத்தோடு சரி. நின்றால் கேள்வி வரும் என்று சந்திரகலா எப்போதும் இரண்டிரண்டு படியாக ஏறிப் போய்விடுவாள். அன்றைக்கு நின்றாள். நின்றதோடு, விஷயத்தையும் சொன்னாள்.

ஈனெஸ் அம்மாள் பதறவில்லை. "நான் வந்து உக்காந்து கேக்கறேன். நாலு காதுல ஒண்ணாவது உண்மை சொல்லாதா?" என்றாள்.

மறுநாள் காலை, இஸ்திரி போட்ட புடவையில், விருந்துக்கு வருகிறவள்போல் வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். சந்திரகலா கம்ப்யூட்டரைப் போட்டாள். டாக்டர்களின் பதிவைப் போடவில்லை. நோயாளியைப் பற்றிய பேச்சு இன்னொரு காதுக்குப் போகக் கூடாது என்று வேலையில் சேரும்போதே கையெழுத்து வாங்கியிருந்தார்கள். ஹெட்போனைக் கழற்றிவிட்டு ஸ்பீக்கரை மாட்டினாள். இருவரும் கேட்க ஆரம்பித்தார்கள்.

தெருவில் மீன்காரி போனாள். பக்கத்து வீட்டு மிக்சி ஓடி நின்றது. எங்கேயோ ஒரு குழந்தை அழுதது. அதையும் யாரோ சமாதானம் செய்துவிட்டார்கள். ஒரு மணி நேரம் போயிற்று.

"பூசையில உக்காந்தாப்பல இருக்கு" என்று ஈனெஸ் அம்மாள் குசுகுசுத்தாள். அப்புறம் எழுந்து, அவள் தோளில் கை வைத்தாள். "எனக்கு ஒண்ணும் கேக்கலம்மா. எங்காது செவிடுன்னு நெனைக்காத. எதுத்த வூட்டு சண்டைய வார்த்த விடாம ஒப்பிப்பேன். வியாழக்கிழம ஆஸ்பத்திரிக்குப் போவோம். நானும் வரேன்."

"வேணாம் மதாம், நான் போய்க்கறேன்."

"காது சரியில்லாதவ தனியாப் போயி, டாக்டரு சொல்றத எப்பிடிக் கேப்ப?"

அவள் இறங்கிப் போன பிறகு சந்திரகலா ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். பயந்தாலும் வேலை நடக்க வேண்டுமே. இருதய டாக்டர் ஒருவரின் பதிவு. இரண்டு வாரமாகத்தான் அவருடையவை அவளுக்கு வருகின்றன. வயதான குரல், கண்ணாடிபோலத் தெளிவு. மற்றவர்களிடம் பத்துத் தடவை குதிகாலை அழுத்த வேண்டியிருக்கும். இவரிடம் ஒருதடவைகூட வேண்டாம். நடுநடுவே அவர் யோசித்து நிறுத்தும்போது அவளும் எழுதியதை முடித்து, அவருக்காகக் காத்திருப்பாள்.

நோயாளிக்கு நெஞ்சு வலி இல்லை என்றார் டாக்டர். நிறுத்தினார்.

டிங்.

திரையைப் பார்க்கவில்லை அவள். கண்ணை மூடிக்கொண்டாள். உடம்பு முழுக்கப் பயத்தில் இறுகி, கால் தானாகப் பின்னுக்கு இழுத்துக்கொண்டது. குதிகால் பெடலில் அழுந்தியது. நோயாளிக்கு நெஞ்சு வலி இல்லை என்று டாக்டர் மறுபடியும் சொன்னார்.

டிங்.

கண்ணைத் திறந்தாள். இந்தத் தடவை வேண்டுமென்றே அழுத்தினாள். நெஞ்சு வலி இல்லை. டிங். இன்னொரு தரம். டிங். ஏழு தடவை. மணி ஒரு மயிரிழைகூட நகராமல் அதே இடத்தில் அடித்தது.

மணி அவள் அறையில் இல்லை. அவள் காதிலும் இல்லை. அமெரிக்காவில், டாக்டரின் மேஜைமேல் இருந்த கம்ப்யூட்டரில் அடித்தது, அவர் குரலோடு சேர்ந்து பதிவாகியிருக்கிறது. இத்தனை வருடத்தில் அவள் வார்த்தைகளைத்தான் திருப்பிக் கேட்டிருக்கிறாள். யாரும் பேசாத இடத்தைத் திருப்பிக் கேட்க யாருக்குத் தோன்றும்?

எட்டாவது தடவை முழுக்கக் கேட்டாள். மணிக்குப் பிறகு நாற்காலி கிரீச்சிட்டது. அவர் குனிந்து பார்க்கிறார். சிறு மூச்சு ஒன்று. அப்புறம் மறுபடியும் இருதயம். கடிதங்கள் அவருக்குத்தான் வந்திருக்கின்றன, அத்தனையும்.

ஆபீசுக்குப் போன் போட்டாள். நிர்மலாதேவி எடுத்தாள். ஒரு காலத்தில் பக்கத்து நாற்காலிக்காரி, இப்போது மேற்பார்வை. சந்திரகலா சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பக்கம் சிரிப்பு வெடித்தது.

"ஐயோ, ஐஸ்காரரா? அடி சந்திரா, இங்க அவுருக்குப் பேரே அதான். மணி அடிச்சிட்டே வராரு இல்ல? அவரு ஃபைலு யாருக்கு வந்தாலும் 'ஏய், ஐஸு வந்துடுச்சுடி'ன்னு கத்துவாளுங்க. ஆபீஸே சிரிக்கும். இத்தினி நாளா ஒனக்குத் தெரியாதா? யாரும் சொல்லல?"

"யாரு சொல்லுவா?" என்றாள் சந்திரகலா.

சிரிப்பு நின்றது. பின்னால் ஆபீஸின் சத்தம் கேட்டது. விசைப்பலகைகள், யாரோ யாரையோ கூப்பிடுவது, டம்ளர் வைக்கிற ஓசை.

"வந்துடேன்" என்றாள் நிர்மலாதேவி, மெதுவாக. "ஜன்னலாண்ட ஒரு சீட்டு காலியாத்தான் கெடக்கு. யாரும் ஒண்ணும் கேக்கமாட்டாங்க."

"கேப்பாங்க."

"செரி, கேப்பாங்கதான்."

"பாக்கறேன்" என்று சொல்லி வைத்தாள்.

காது நன்றாக இருக்கிறது. இத்தனை நாளாகக் கழுத்தில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிவிட்டது. இதை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. நிர்மலாதேவியிடம் சொல்லவில்லையே என்று அப்போதுதான் உறைத்தது. மணியைப் பற்றிச் சொன்னாளே ஒழிய, பயந்ததைச் சொல்லவில்லை. கீழே இறங்கிப் போனாள். ஈனெஸ் அம்மாளின் கதவில் பூட்டுத் தொங்கியது.

மேலே போகத் திரும்பினாள். நாலு படி ஏறினாள். மேலே டாக்டர்கள் காத்திருந்தார்கள், பெடலை மிதித்தால் பேசுவார்கள். ஆனால் அவர்களிடம் எதையும் சொல்ல முடியாது. ஐந்தாம் படியில் உட்கார்ந்தாள். வெயில் சுவரில் ஒரு சாண் இறங்கியது. பிறகு இன்னொரு சாண். தபால்காரர் கேட்டருகே நின்று, உள்ளே பார்த்துவிட்டு, ஒன்றும் போடாமல் போனார்.

முக்கால் மணி நேரம் கழித்து ஈனெஸ் அம்மாள், ஒரு கையில் ரொட்டிப் பையும் மறு கையில் குடையுமாக வந்தாள். படியில் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்ததும் கேட்டிலேயே நின்றுவிட்டாள்.

"என்ன கலா, இங்க உக்காந்திருக்க? சாவியத் தொலைச்சிட்டியா?"

"இல்ல மதாம்" என்றாள் சந்திரகலா. "உங்களுக்காகத்தான் உக்காந்திருந்தேன்."