வேலை முடிந்ததும் அணைக்கவும்

என் கணவரின் அண்ணனுக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் மீட்டர். நாங்கள் என்றால் நானும் என் கணவரும், அதுவும் கதவைச் சாத்திக்கொண்டுதான். மனிதர் காலையில் பல் துலக்குவதற்கு முன்பே மின்சார மீட்டரைப் பார்த்துவிட்டு வருவார். முந்தின நாளைவிட ஒரு யூனிட் கூடியிருந்தால் அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். வீட்டில் சுவிட்ச் இருக்கும் இடமெல்லாம் அவர் கைப்பட எழுதிய சீட்டு ஒட்டியிருக்கும்: "வேலை முடிந்ததும் அணைக்கவும்." குளியலறையில், சமையலறையில், எங்கள் கட்டிலுக்கு மேலேகூட ஒன்று.

போன மாதம் ஒரு புதுப் பெட்டி வாங்கி வந்தார். மின்சாரத்தை மிச்சப்படுத்துமாம். திடீரென்று கரண்ட் எகிறினால் டிவி, கம்ப்யூட்டர் எதுவும் எரிந்துபோகாமல் காப்பாற்றுமாம். அதில் ஆறு துளைகள். ஒன்று நீலம், மற்றவை வெள்ளை. டிவியை நீலத்தில் செருகினார். செட்டாப் பாக்ஸ், ஸ்பீக்கர், மோடம், ஹால் மூலையில் இருந்த என் பழைய கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் வெள்ளையில் செருகினார். பெட்டியோடு வந்த காகிதத்தை மட்டும் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மறுநாள் எனக்குத் தேர்வு.

டாக்டர்கள் பேசி அனுப்பும் குறிப்புகளைக் கேட்டுத் தட்டச்சு செய்யும் வேலை அது. வீட்டிலிருந்தே செய்யலாம். நாற்பது நிமிடத் தேர்வு, நடுவில் வெளியே வந்தால் மறுபடி நுழைய முடியாது. அதற்காக மூன்று மாதம் பயிற்சி எடுத்திருந்தேன். அந்த மூன்று மாதமும் என் பங்குச் சமையலறை வேலையையும் சேர்த்து இழுத்துப்போட்டுச் செய்தவள் என் ஓரகத்தி, அதாவது மீட்டரின் மனைவி. நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். இந்த வேலை கிடைத்தால் நாங்கள் தனிக்குடித்தனம் போவோம் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். நாங்கள் போய்விட்டால் மீட்டர் யாரை ஆளுவார்?

முப்பத்தாறாவது நிமிடத்தில் என் திரை கறுத்துப்போனது. திரும்பிப் பார்த்தேன். டிவியும் அணைந்திருந்தது. மீட்டர் ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டு செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார்.

"என்னாச்சு அத்தான்?"

"எனக்கென்னம்மா தெரியும்? கரண்ட் போயிட்டு வந்திருக்கும். உன்னோட டப்பா பழசு, தாங்கல."

அவர் தலைக்கு மேலே மின்விசிறி ஜம்மென்று சுற்றிக்கொண்டிருந்தது. யார் காதில் பூச் சுற்றுகிறார்?

அக்காவும் அவர் பக்கம்தான் பேசினாள். "அவருக்கு இந்த மிஷின் விஷயமெல்லாம் ஒண்ணும் தெரியாதும்மா. கடைக்காரன் குடுத்தான், வாங்கிட்டு வந்து மாட்டினாரு. நீ மனசுல வெச்சுக்காதே."

நான் வைத்துக்கொண்டேன். அடுத்த வாரம் வீட்டில் யாரும் இல்லாதபோது கம்ப்யூட்டரை ஓடவிட்டு, ரிமோட்டால் டிவியை அணைத்தேன். ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். ஏழாவது எண்ணில் கம்ப்யூட்டர் செத்தது. மூன்று முறை செய்து பார்த்தேன், மூன்று முறையும் ஏழு. நீலத்தில் இருப்பது அணைந்தால் வெள்ளையில் இருப்பவை எல்லாம் தானாக அணையும். மின்சாரம் மிச்சமாகும் வித்தை இதுதான்.

ஆனாலும் யாரிடமும் மூச்சு விடவில்லை. சொன்னால் என்ன ஆகும்? "அப்படியா, எனக்குத் தெரியாதே" என்பார். அதோடு கதை முடிந்துவிடும். உண்மையிலேயே தெரியாமல் செய்திருப்பாரோ என்று எனக்கும் ஓர் ஓரத்தில் சந்தேகம் இருந்தது. அந்தச் சந்தேகம்தான் என்னைத் தூங்கவிடவில்லை. நிச்சயமாகத் தெரிந்திருந்தால் நிம்மதியாகக் கோபப்பட்டிருப்பேன்.

நிறுவனத்துக்கு எழுதிக் கெஞ்சினேன். இன்னொரு வாய்ப்பு தந்தார்கள், இதுதான் கடைசி என்று. வெள்ளிக்கிழமை மாலை நாலரை மணி.

அதே வெள்ளிக்கிழமை ஐந்தேகாலுக்கு மீட்டர் டிவியில் வரப்போகிறார் என்று பிறகுதான் தெரிந்தது. உள்ளூர் சேனல் ஒன்றில் வீட்டு மின்சாரத்தைச் சேமிப்பது பற்றி அவர் பேசியதை ஏற்கெனவே படம் பிடித்துவிட்டார்களாம். மொத்தம் ஆறு நிமிடம். அலுவலகத்தில் பாதிப் பேரை வீட்டுக்கு அழைத்துவிட்டார். புதுச் சட்டை எடுத்தார். டிவியில் வருவது ஏற்கெனவே எடுத்த படம், அதற்கு எதற்குப் புதுச் சட்டை என்று அக்கா கேட்டதற்கு முறைத்தார்.

"உன் பரீட்சையும் அன்னிக்குத்தானா?" என்றார் என்னிடம்.

"மூலையில ஓரமா உட்கார்ந்துக்கிறேன் அத்தான். யாருக்கும் தொந்தரவு இருக்காது."

வெள்ளிக்கிழமை மதியம், எல்லோரும் சாப்பாட்டில் இருந்தபோது, மேஜைக்கு அடியில் குனிந்தேன். டிவியின் வயரைப் பிடுங்கி வெள்ளையில் செருகினேன். என்னுடையதை நீலத்தில் செருகி, டிவி வேலை செய்யட்டும் என்று அப்போதே ஓடவிட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், அப்போது பழிவாங்கும் எண்ணம் இல்லை. என் கம்ப்யூட்டரை இனி யாராலும் அணைக்க முடியக்கூடாது, அவ்வளவுதான்.

நாலரைக்குத் தேர்வு தொடங்கியது. விருந்தாளிகள் இன்னும் வரவில்லை. ஹாலில் நானும் மீட்டரும் மட்டும். நாலு ஐம்பது இருக்கும், காதில் மாட்டியிருந்த ஹெட்போனையும் தாண்டிக் கேட்டுக்கொண்டிருந்த டிவி சத்தம் சட்டென்று நின்றது. பக்கத்து அலமாரிக் கண்ணாடியில் அவர் உருவம் தெரிந்தது. கையில் ரிமோட். அவர் டிவியைப் பார்க்கவில்லை. என் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார், காத்துக்கொண்டிருந்தார்.

ஏழு வினாடி போனது. என் விரல்கள் ஓடிக்கொண்டே இருந்தன. அவர் டிவியைப் போட்டார், மறுபடி அணைத்தார். மறுபடி என்னைப் பார்த்தார். அப்புறம் எழுந்து என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார்.

"நல்லா எழுதுறியாம்மா?"

"ம்."

என் சந்தேகம் அந்த இடத்தில் செத்தது. யாரோ ஒருவருடைய சிறுநீரகத்தைப் பற்றி டாக்டர் சொல்லிக்கொண்டிருந்த இரண்டு வாக்கியங்களுக்கு நடுவில் நான் முடிவு செய்தேன். அந்தச் சிறுநீரகத்தில் ஒரு எழுத்துகூடப் பிழை விடவில்லை.

ஐந்து பத்துக்கு முடித்தேன். ஐந்து பன்னிரண்டுக்குத் திரையில் வந்தது: தேர்ச்சி. ஒன்றாம் தேதி சேர வேண்டும். சத்தம் போடத் தோன்றியது, போடவில்லை. ஹால் நிறைந்திருந்தது. நாற்காலி பற்றாமல் சிலர் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். மீட்டர் முன்வரிசையில் புதுச் சட்டையோடு இருந்தார்.

டிவியில் அவர் முகம் வந்ததும் கைதட்டினார்கள். "வணக்கம். நம்ம வீட்டுல நமக்கே தெரியாம எவ்வளவு மின்சாரம் வீணாகுதுன்னு யோசிச்சிருக்கோமா?"

என் மேஜைக்கு மேலே சுவரைப் பார்த்தேன். சீட்டு அங்கேயேதான் இருந்தது. என் வேலை முடிந்துவிட்டது. நான் சொன்னபடி கேட்கும் பெண். கம்ப்யூட்டரை அணைத்தேன்.

ஒன்று. இரண்டு. டிவியில் அவர் கையில் ஒரு பெட்டியைத் தூக்கிக் காட்டினார், ஆறு துளைப் பெட்டி. ஐந்து. "இப்ப இந்தப் பெட்டியைப் பாருங்க, இதுல என்ன விசேஷம்னா..." ஏழு.

திரை கறுத்துப்போனது.

"கரண்ட் போச்சா?" என்றார் ஒருவர். "ஃபேன் சுத்துதே" என்றார் இன்னொருவர். மீட்டர் ரிமோட்டை அழுத்தினார், தட்டினார், உதறினார். பிறகு மேஜைக்கு அடியில் குனிந்தவர் துள்ளி எழுந்தார்.

"யாரு இதை மாத்திச் செருகினது? டிவிதானே நீலத்துல இருக்கணும்! நீலத்துல இருக்கறதை அணைச்சா ஏழே செகண்ட்ல மத்ததெல்லாம் செத்துப்போகும்னு தெரியாதா?"

ஹெட்போனைக் கழற்றினேன். "எனக்கென்ன அத்தான் தெரியும்? கரண்ட் போயிட்டு வந்திருக்கும்."

வந்திருந்தவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்தது ஒருத்திக்குத்தான். சமையலறை வாசலில் டீத் தட்டோடு அக்கா நின்றுகொண்டிருந்தாள்.

"ஏழு செகண்டா?" என்றாள். "அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"காகிதத்துல போட்டிருந்துச்சு."

"எப்பப் படிச்சீங்க?"

"வாங்கின அன்னிக்கே..." என்றவர் அப்படியே நிறுத்தினார். முகத்தில் ஈயாடவில்லை.

அக்கா தட்டைக் கீழே வைத்தாள். குரலை உயர்த்தவில்லை. "மூணு மாசம் இவ பங்குப் பாத்திரத்தையும் நான்தான் தேய்ச்சேன். உங்களுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு இவகிட்ட நான்தான் சொன்னேன்."

"அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்! உன் கம்ப்யூட்டரைப் போடும்மா சீக்கிரம்!" என்று என்னிடம் கத்தினார்.

போட்டேன். மரியாதையாகத்தான் போட்டேன். பழைய டப்பா அல்லவா, ஆற அமரத்தான் எழுந்தது. அதற்குப் பிறகு செட்டாப் பாக்ஸ் தன் பங்குக்குச் சிவப்புப் புள்ளியைக் காட்டிக்கொண்டு யோசித்தது. படம் வந்தபோது ஒரு பெண் நாளைய வானிலையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். நாளை வெயிலாம்.

மீட்டர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். புதுச் சட்டை கக்கத்தில் நனைந்திருந்தது. எனக்கு இரக்கம் வரும் என்று கொஞ்சம் காத்திருந்தேன். வரவில்லை. நாக்கிலிருந்து அடிவயிறு வரை இனித்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்?

அக்கா எல்லோருக்கும் டீ கொடுத்தாள். அவருக்கு மட்டும் கொடுக்காமல் காலித் தட்டோடு என்னிடம் வந்தாள்.

"கிடைச்சுதா?"

"கிடைச்சுதுக்கா. ஒண்ணாம் தேதி சேரணும்."

"அப்ப வீடு பார்க்க ஆரம்பிச்சிடுங்க." மேஜைக்கு அடியில் இருந்த பெட்டியை ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு ஹாலில் இருந்த அத்தனை பேர் காதிலும் விழும்படி சொன்னாள்: "போறதுக்கு முன்னாடி அந்த நீலத்துல எதைச் செருகினா என்ன ஆகும்னு எனக்கு ஒழுங்கா சொல்லிக் குடுத்துட்டுப் போ. நான் இவரோட இங்கதானே இருக்கப் போறேன்."