தரைக்குச் சாயம் பூசியவர்

இசோகுரா நடுநிலைப் பள்ளியில், மூன்றாம் ஆண்டு இரண்டாம் பிரிவு வகுப்பின் தரையில் முடி முளைத்தது ஜூன் மாத மழைக்காலத்தில். ஜன்னலோரம் நான்காவது மேசைக்குக் கீழே, பலகை இடுக்கில், முதலில் பூனை மீசை மாதிரி நாலைந்து. வாரக் கடைசிக்குள் ஒரு விரல் நீளம். கறுப்பாக இருந்திருந்தால் யாரும் கண்டுகொண்டிருக்க மாட்டார்கள். அது செம்பட்டை. அந்த வருஷம் கணவாய் மீன் வரத்துக் குறைவு, ஆற்றுப் பாலத்துக்குப் புதுக் கைப்பிடி போட்டார்கள், பள்ளித் தரையில் முடி முளைத்தது: ஊரில் இந்த மூன்றையும் ஒரே மூச்சில்தான் சொல்வார்கள்.

பழி முதலில் விழுந்தது புரைசு சென்செய் தலையில்தான், அந்தத் தலையில் விழுந்தால் ஒட்டிக்கொள்ள எதுவும் இல்லை என்றாலும். பாஸ்போர்ட்டில் இவான் பிரைஸ், ஊர் வாயில் புரைசு, வாத்தியார் என்பதால் சென்செய்; வேல்ஸ் நாட்டுக்காரர், ஆங்கில வாத்தியார்களுக்குத் துணையாக வந்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. ஒவ்வொரு மார்ச் மாதமும் ஒப்பந்தம் முடியும், துணைத் தலைமையாசிரியர் நுகாடா ஒரு வார்த்தை சொன்னால் மறுபடி ஒரு வருஷம் நீளும். தலை முழு வழுக்கை, தாடி மட்டும் நரைக்க ஆரம்பித்திருந்தது. இருபத்தைந்து வயதில், தன் நாட்டில், குளியலறைச் சாக்கடை வாயில், சோப்பு நுரையோடு சுருண்டு கிடந்த தன் சொந்த முடியை இரண்டு விரலால் இழுத்து எடுத்த மனுஷர் அவர். அன்றிலிருந்து உதிர்ந்த முடி எதைப் பார்த்தாலும் அவருக்கு வயிற்றைப் புரட்டும். இதைக் குடிபோதையில் அவர் ஒரு தரம் சொல்லிவிட்டதால் ஊருக்கே தெரியும். மீன்கடை ஹத்சுயே தராசை நிமிர்த்திக்கொண்டே சொன்னாள்: "அங்க கொட்டினது எல்லாம் இங்க வந்து முளைக்குது. பின்ன எங்க போகும்? கடல் சுத்தி வர்றதுக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கு, அவ்வளவுதான்."

ஆனால் அந்த நான்காவது மேசை யாருடையது என்பதும் ஊருக்குத் தெரியும். முடிதிருத்தகம் நடத்தும் இகுசா தொமோயேயின் மகள் மதோகா அங்கே உட்காருவாள். பிறவியிலேயே அவளுக்குக் கஷ்கொட்டை நிறத் தலைமுடி. பள்ளி விதியில் முடி கறுப்பு என்று இருக்கிறது. பிறவி நிறம் என்றால் குழந்தைப் பருவப் படம் கொண்டுவந்து காட்டச் சொன்னார் நுகாடா. தொமோயே கொண்டுவந்த படங்களில் மூன்று வயது வரை பிள்ளைக்கு முடியே இல்லை. புரைசு சென்செயின் தங்கை மாதிரி இருந்தாள். அதனால் மாதம் ஒரு தரம் தாயே கடையில் உட்காரவைத்துக் கறுப்புச் சாயம் பூசிவந்தாள். ஜூனில் மாவட்டத்திலிருந்து அதிகாரிகள் வந்த அன்று, வேர்ப்பக்கம் ஒரு நகக்கண் அளவுக்குச் செம்பட்டை தெரிகிறது என்று நுகாடா வகுப்புக்கே வந்து, எல்லாரும் பார்க்க, கறுப்பு ஸ்ப்ரே டப்பாவைக் குலுக்கி அவள் தலையில் அடித்தார். புழுக்கமான நாள். மத்தியானத்துக்குள் கறுப்பு வியர்வை காதுக்குப் பின்னால் வழிந்து, வெள்ளைக் காலரில் ஊறி, முழங்கை வழியாகச் சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்தது. புரைசு சென்செய் அப்போது கரும்பலகைக்குப் பக்கத்தில் நின்று, நேற்று மழை பெய்தது, நாளை மழை பெய்யும் என்று பிள்ளைகளைச் சொல்லவைத்துக்கொண்டிருந்தார். பார்த்தார், பாடத்தை நிறுத்தவில்லை. அடுத்த நாள் முடி முளைத்தது.

பிள்ளைகளே பள்ளியைத் துடைக்கிற ஊர் அது. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் வரிசையாகக் குனிந்து, ஈரத் துணியைத் தரையில் அழுத்தித் தள்ளிக்கொண்டு ஓடுவார்கள். முடி வந்த பிறகும் ஓடினார்கள். ஈரத் துணி முடியைப் படியவைக்கும், துணியில் சிக்கும், வாளித் தண்ணீரில் மிதக்கும், பிழிந்தால் விரலிடுக்கில் சுற்றிக்கொள்ளும். ஜூலையில் அது தாழ்வாரத்துக்கு வந்தது, செப்டம்பரில் மாடிப்படி இறங்கியது. நனைந்த நாய் மாதிரி ஒரு வாடை கட்டிடம் முழுக்க நின்றது. சாப்பாட்டுச் சூப்பில் முடி கிடந்தது. வாத்தியார்கள் பேச்சை நிறுத்தாமல் உதட்டிலிருந்து அதை நீளமாக உருவி, தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு, மிச்சம் வைக்கக் கூடாது என்ற விதிப்படி கடைசிச் சொட்டு வரை குடித்தார்கள். புரைசு சென்செயும் பிள்ளைகளோடு உட்கார்ந்து குடித்தாக வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு குடிப்பார். அவர் பிரார்த்தனை செய்கிறார் என்று பிள்ளைகள் நினைத்தார்கள்.

ஆசிரியர் கூட்டத்தில் இதற்காக ஒரு சாயங்காலம் முழுவதும் உட்கார்ந்தார்கள். தரையில் முடி எப்படி முளைக்கும் என்று ஒருவரும் கேட்கவில்லை. பள்ளி வளாகத்துக்குள் இருக்கிற முடி விதிக்குப் புறம்பான நிறத்தில் இருப்பதுதான் பேச்சு. கணக்கு வாத்தியார் வெட்டிவிடலாம் என்றார். வெட்டினால் மறுபடி அதே நிறத்தில்தான் வரும், அது கண்டிப்பு ஆகாது என்றார் நுகாடா. கடைசியில் சாயம் பூசுவது என்று முடிவானது. வகுப்பாசிரியர் பொறுப்பும் இல்லை, விளையாட்டுக் குழுப் பொறுப்பும் இல்லை என்பதால் வேலை புரைசு சென்செய்க்கு வந்தது. அவர் தலையை ஆட்டிவிட்டுக் கழிப்பறைக்குப் போனார்.

அப்புறம் வாரம் தவறாமல், முட்டி வரை ரப்பர் பூட்ஸும் மூக்கில் இரட்டை முகமூடியுமாக, சுவருக்கு அடிக்கிற அகலத் தூரிகையால் அவர் தரைக்குக் கறுப்புப் பூசினார். சாயத்தின் அமோனியா நெடியில் கண் எரியும். பூசிய முடி சில நாளில் கொத்துக் கொத்தாகக் கழன்று விழும், அடியிலிருந்து பச்சைக்குழந்தை முடி மாதிரி செம்பட்டை கிளம்பும். இலையுதிர்காலம் முடிவதற்குள் பலகைக்குச் சொறி வந்துவிட்டது. முதலில் பொடுகு, செருப்பில் ஒட்டிக்கொண்டு வீடு வரை வரும். பிறகு சிவந்தது. பிறகு கொப்புளம் கட்டி, மிதித்தால் மஞ்சளாக நீர் கசிந்து காலுறையை நனைத்தது. புரைசு சென்செய் தூரிகையை வைத்தால் தரை சுருங்கும். பல் டாக்டரிடம் உட்கார்ந்தவன் தோள் மாதிரி. அந்தச் சுருக்கம் கைப்பிடி வழியாக அவர் கைக்கு ஏறும். வீட்டுக்குப் போய்த் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவார். பக்கத்து வீட்டு அம்மாள் தண்ணீர்ச் சத்தத்தை வைத்தே இன்று சாய நாள் என்று தெரிந்துகொண்டு, ஜன்னலைச் சாத்துவாள். அவருக்குத் தரை மேல் அருவருப்பு, சாயத்தின் மேல் அருவருப்பு, சாயம் நகக்கண்ணில் நின்ற தன் கை மேல் எல்லாவற்றையும் விட அருவருப்பு.

பிப்ரவரியில் நுகாடா அவரை ஆலோசனை அறைக்குக் கூப்பிட்டுத் தேநீர் கொடுத்தார். தேநீரில் ஒரு முடி சுற்றிக்கொண்டிருந்தது. இருவருமே அதைப் பார்க்கவில்லை.

"புரைசு சென்செய், உங்களுக்கு ஓயாம தொந்தரவு குடுக்கறேன். பட்டமளிப்பு விழா வருது. இகுசா பொண்ணு இந்த மாசம் சாயம் போடாம வர்றா. விழா அன்னிக்குக் காலைல நீங்க ஒரு தடவை ஸ்ப்ரே அடிச்சு விட்டுடுங்க. உங்க கை பழகின கை."

"அவ தலை முழுக்கப் புண்ணு, நுகாடா சென்செய்."

"தெரியும். அதான் பூசச் சொல்லல, அடிக்கச் சொல்றேன். மேலாப்புல."

"அடிக்கலேன்னா?"

"அடிக்கலேன்னா அவ மேடை ஏற மாட்டா. பேரை வாசிக்க மாட்டோம். வீட்டுக்கே சான்றிதழ் அனுப்பிடுவோம், மரியாதையா." நுகாடா கோப்பையை இரண்டு கையாலும் திருப்பினார். "உங்க ஒப்பந்தமும் மார்ச்லதானே முடியுது. பாருங்க, எல்லாம் ஒரே நேரத்துல வருது."

அன்று சாயங்காலம் புரைசு சென்செய் தாடி கத்தரிக்கும் சாக்கில் தொமோயே கடைக்குப் போனார். தொமோயே கத்தரிக்கோலைத் தொடாமல், உள்ளே பார்த்து மகளைக் கூப்பிட்டாள். மதோகா வந்து தலைத்துணியை அவிழ்த்தாள். முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். உச்சியில் பொருக்கு, காதுக்கு மேல் மஞ்சள் சீழ், களிம்பின் கெட்ட வாசனை. தரையில் எப்படியோ அப்படியே, வட்டம் வட்டமாக.

"நல்லாப் பாருங்க சென்செய்," என்றாள் தொமோயே. "ஊர்ல பாதித் தலை என் கையிலதான். எல்லாரும் கண்ணாடில என் மூஞ்சியப் பாத்துக்கிட்டே, 'மதோகா சௌக்கியமா'ன்னு கேக்கறாங்க. நானும் சௌக்கியம்னுதான் சொல்றேன். இத நான்தான் பூசினேன், தெரியுமா. பெத்தவ கையால."

"ஏன் பூசுனீங்க?"

"நீங்க ஏன் பூசுறீங்க?"

மதோகா துணியைத் திரும்பக் கட்டிக்கொண்டே சொன்னாள்: "எனக்கு மேடையில ஏறி நடக்கணும் சென்செய். மூணு வருஷம் அந்தத் தரையத் துடைச்சிருக்கேன். என் பேரச் சொல்லிக் கூப்பிடணும், அவ்வளவுதான். ஆனா ஸ்ப்ரே வேணாம். எரியுது."

விழாவுக்கு முந்தின நாள் மத்தியானம் உடற்பயிற்சிக் கூடத்துக்குக் கடைசிச் சாயம் பூச வேண்டியிருந்தது. குளிர்காலத்தில் முடி அங்கும் பரவிவிட்டிருந்தது. சிவப்பு வெள்ளைத் திரை கட்டி, நாற்காலி போட்டு, எல்லாரும் போன பிறகு புரைசு சென்செய் வாளியைத் தூக்கினார். மூடியைத் திறந்ததும் அந்த நெடி. அதற்குள் மதோகாவின் களிம்பு வாசனையும் இருப்பதாகத் தோன்றியது. கூடத்துக்குப் பின்னால் போய்ச் சாக்கடையில் வாந்தி எடுத்தார். எடுத்து முடித்துவிட்டு, அதே சாக்கடையில் வாளிச் சாயத்தையும் கொட்டினார், சேமிப்பறையில் இருந்த மற்ற வாளிகளையும், ஸ்ப்ரே டப்பாக்களை ஒவ்வொன்றாக அழுத்திக் காலியாக்கியும் கொட்டினார். நியாய உணர்ச்சி பொங்கியது என்று பிற்பாடு சிலர் சொன்னார்கள். அவரோடு பழகியவர்களுக்குத் தெரியும், அது வெறும் குமட்டல். இனி ஒரு தூரிகை கூட இவரால் முடியாது, அவ்வளவுதான்.

சாயம் படாத தரை ஒரே இரவில் கணுக்கால் உயரம் வளர்ந்துவிட்டது. காலையில் வால்வைத்த கோட்டு போட்டு வந்த நுகாடா கூடத்து வாசலில் நின்றார். கூடம் முழுக்க, சுவரிலிருந்து சுவர் வரை, கஷ்கொட்டை நிறத்தில் அடர்ந்து, காற்றுக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. சேமிப்பறைக்கு ஓடினார், காலி வாளிகளைப் பார்த்தார், திரும்பி ஓடிவந்தார். அதற்குள் ஊராட்சித் தலைவர் கமிசாவா செருப்பை மாற்றிக்கொண்டு உள்ளே கால் வைத்துவிட்டார். எண்பதை நெருங்கிய மனுஷர். கால் புதைந்தது. பின்னால் வந்த பெற்றோர் கூட்டம் அப்படியே நின்றது. கமிசாவா குனிந்து பார்த்தார். என்ன பார்த்தார் என்பது அவருக்கும் தெரியும், எல்லாருக்கும் தெரியும். விருந்தாளியாக வந்த இடத்தில் அதைச் சொல்ல முடியுமா.

"ஓ, கம்பளம் மாத்திட்டீங்களா," என்றார் கமிசாவா. "காலுக்கு இதமா இருக்கு."

நுகாடாவின் இடுப்பு தானாக வளைந்தது. "ஏதோ சுமாரான சரக்குதானுங்க. பாராட்டற அளவுக்கு ஒண்ணும் இல்ல."

"அப்படிச் சொல்லாதீங்க. நிறம் நல்லா அமைஞ்சிருக்கு. கறுப்பாப் போட்டிருந்தா சாவு வீடு மாதிரி இருந்திருக்கும்."

பெற்றோர்கள் ஒருவருக்கொருவர் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டி, நல்ல நிறம் நல்ல நிறம் என்று சொல்லிக்கொண்டு, பாதத்துக்கடியில் கொப்புளம் உடைவதைப் பொருட்படுத்தாமல் போய் உட்கார்ந்தார்கள். பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள். மதோகா தலைத்துணியில்லாமல் வந்தாள். பெயர் வாசிப்பது நுகாடாதான். அவள் முறை வந்ததும் ஒலிபெருக்கியில் அவர் மூச்சு மட்டும் கேட்டது. பின்வரிசையில் தொமோயே எழுந்து நின்றுவிட்டாள். சுவரோரம் நின்ற புரைசு சென்செய் தன் கறுத்த நகங்களைப் பின்னால் கட்டிக்கொண்டார். முன்வரிசையில் கமிசாவா மெதுவாகத் தலையை நிமிர்த்தி, அந்தப் பெண்ணின் தலையைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், பிறகு பக்கத்திலிருந்தவரிடம், செவிடர்கள் பேசுகிற சத்தத்தில் சொன்னார்: "பொருத்தமாப் போட்டிருக்காங்க. யோசிச்சுத்தான் செஞ்சிருக்காங்க."

நுகாடா வாசித்தார்: "இகுசா மதோகா."

"இருக்கேன்," என்றாள் அவள். குரல் பெரிதாகவே வந்தது. ஏறினாள், வாங்கினாள், குனிந்தாள், இறங்கினாள். புரைசு சென்செயைத் தாண்டிப் போகும்போது சீழும் களிம்பும் நாறின. கூடத்தில் பலர் அழுதார்கள். அவருக்கு அழுகை வரவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு, கண்ணை எடுக்காமல் அந்தத் தலையைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

மதோகா மலைக்கு அந்தப் பக்கமிருக்கிற மேல்நிலைப் பள்ளிக்குப் போனாள். கோடைக்குள் புண் ஆறியது, தரைக்கும் அப்படியே. விழா முடிந்து நடந்த விருந்தில் கமிசாவா, கம்பளத்தைப் பராமரிக்கிறவர் யார் என்று கேட்டு, அவரை விட்டுவிடாதீர்கள் என்று வேறு சொல்லிவைத்ததால், புரைசு சென்செயின் ஒப்பந்தம் நீண்டது. நுகாடா இப்போது முடி நிறத்தைப் பற்றிப் பேசுவதில்லை. நீளத்தைப் பற்றிப் பேசுகிறார். ஏப்ரலில் புதுப் பிள்ளைகள் வருவதற்கு முன்னால் தொமோயேயைக் கூடத்துக்கு வரவழைத்து, தரை முடியைப் புருவத்துக்கு மேலே இருக்கும்படி வெட்டச் சொன்னார். "புருவம் எங்க இருக்குன்னு காட்டுங்க சென்செய், வெட்டிடறேன்," என்றாள் அவள். அவர் கொஞ்ச நேரம் யோசித்து, மேடைப் பக்கம் கைகாட்டினார்.

வெட்டியதைக் கூட்டிச் சாக்கில் அள்ளுவது புரைசு சென்செய் வேலை. அவருக்கு இன்னும் பழகவில்லை. கையுறை, முகமூடி, வாய்க்குள் ஒரு இஞ்சித் துண்டு. முதல் வாரம் சாக்குகளைத் தெருமுனையில் கொண்டுபோய் வைத்தபோது குப்பைவண்டிக்காரர் எடுக்கவில்லை, இது எந்த வகைக் குப்பை என்று அட்டவணையில் எழுதியிருக்கவில்லை என்று சொல்லிவிட்டார். ஊராட்சி கூடிப் பேசியது. இப்போது வருஷா வருஷம் வீடு வீடாகக் கொடுக்கிற குப்பை அட்டவணையில், மீன் முள்ளுக்கும் பழைய செருப்புக்கும் நடுவில் இருக்கிறது: பள்ளித் தரை முடி, எரிகிற குப்பையோடு, செவ்வாயும் வெள்ளியும், காலை எட்டு மணிக்குள், ஈரம் வடித்து.