பாஸ்டரம்மாவின் இருமல்

என் வீட்டுக்காரருக்கு ஜெபத்தை ஆரம்பிக்கத் தெரியும், முடிக்கத் தெரியாது. கண்ணை மூடி, இரண்டு கையையும் தூக்கி, "கர்த்தாவே" என்று தொடங்கிவிட்டால் ஊரில் உள்ள அத்தனை பேருக்காகவும் கேட்டு முடித்து, திரும்ப முதல் ஆளிடமே வந்து நிற்பார். பதினொரு வருஷத்துக்கு முன்னால் எங்கள் குவார்ட்டர்ஸ் ஹாலில் அவர் நடத்திய முதல் கூட்டத்தில் ஐம்பது நிமிஷம் ஆகியும் நிறுத்தவில்லை. அடுப்பில் குழம்பு தீய்கிற வாசனை வந்தது. பொறுக்கமாட்டாமல் இருமினேன். உடனே "ஆமென்" என்றார். அன்றிலிருந்து அதுவே ஏற்பாடாகிவிட்டது. நான் இருமினால் ஜெபம் முடியும். இதைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. சபையில் எல்லாரும் எனக்கு ஆஸ்துமா என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு அம்மாள் ஆடாதோடை இலைகூடப் பறித்துக்கொண்டு வந்து கொடுத்தாள்.

அவர் பெயர் ராஜாங்கம். சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலையில் இருந்தவர். எங்கள் மகள் நந்தினிக்கு நாலு வயதானபோது ஊழியத்துக்கு அழைப்பு வந்துவிட்டது என்று வேலையை விட்டார். அழைப்பு வந்தது அவருக்கு, வேலைக்குப் போவது நான். என் அப்பா அதே சுரங்கத்தில் சர்வீஸில் இருக்கும்போதே இறந்ததால் அந்த வேலை எனக்குக் கிடைத்தது, ஸ்டோர்ஸில் பர்மனென்ட். குவார்ட்டர்ஸ் என் பெயரில். சபைக்கு வாங்கிய ஆம்னி வேனை ஓட்டுவதும் நான். அவருக்கு ஓட்டத் தெரியாது. பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு "மெதுவா போ பொற்கொடி" என்று சொல்ல மட்டும் நன்றாகத் தெரியும்.

அழைப்பு வந்த மாசமே என் கழுத்தில் கிடந்ததைக் கழற்றச் சொன்னார். பொட்டு, பூ, தாலி எல்லாம் உலகத்துக்கு உரியவையாம். நான் கை வைக்க மாட்டேன் என்றேன். அவரே எனக்குப் பின்னால் உட்கார்ந்து, ஊக்கு முனையால் நெம்பி நெம்பி மூன்று முடிச்சையும் அவிழ்த்தார். தாலிப் பொன்னை விற்றுச் சபைக்கு மைக் செட் வாங்கினார். இப்போதும் அவர் மைக்கைப் பிடித்துக் கத்தும்போது என் தாலி கத்துகிறது என்றுதான் எனக்குத் தோன்றும். ஒன்று சொல்லிவிடுகிறேன், எனக்குக் கர்த்தர் மேல் ஒரு குறையும் இல்லை. அவருடைய வேலையாளைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறேன்.

என் தம்பி மதிவாணனுக்குக் கல்யாணம் வந்தது. அம்மா முன்பே போய்விட்டாள், அப்பா இறந்தபோது அவனுக்கு எட்டு வயது. அவனுக்குத் தலை வாரி, டிபன் கட்டி, பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வேலைக்கு ஓடியவள் நான். இப்போது பண்ருட்டியில் லேத் பட்டறை வைத்திருக்கிறான். பெண் திருவதிகை, பெயர் பவித்ரா. கல்யாணமும் திருவதிகையில், கோயிலுக்குப் பக்கத்து மண்டபத்தில், ஒரு வெள்ளிக்கிழமை காலை ஏழரை ஒன்பது முகூர்த்தம். பத்திரிகை வைக்க வந்தவன் சோபாவின் நுனியில் உட்கார்ந்து, ஒரே ஒரு விஷயம்தான் கேட்டான்.

"நாத்தனார் முடிச்சு நீதாங்க்கா போடணும். வேற யார் போட்டாலும் நான் ஒத்துக்க மாட்டேன்."

மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போட்டால் மீதி இரண்டையும் அவன் கூடப் பிறந்தவள் போடுவாள். அதற்கு நான் ஒருத்திதான் இருக்கிறேன். வீட்டுக்காரரிடம் சொன்னேன். கூடாது என்பார், அதற்குப் பதில் சொல்லவேண்டும் என்று ஒரு வாரமாக மனசுக்குள் சண்டை போட்டுப் பழகி வைத்திருந்தேன். மனுஷன் சிரித்துக்கொண்டே, "போவோமே. நானும் வரேன். சொந்தக்காரங்களப் பாத்து எவ்ளோ நாளாச்சு" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றைக்குக் கருவாட்டுக் குழம்பு வைத்து, பக்கத்தில் நின்று பரிமாறினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்கவேண்டும்.

முதல் நாளே போயிருக்கவேண்டும். வியாழக்கிழமை எங்கள் ஹாலில் விசேஷ ஜெபக் கூட்டம் என்று அறிவித்துவிட்டார். சரி, காலையில் ஐந்தரைக்குக் கிளம்பினால் நேர் ரோட்டில் முக்கால் மணி நேரம்தானே என்று சமாதானப்பட்டேன். நானும் நந்தினியும் ஐந்து மணிக்கே பட்டுப்புடவையும் பாவாடையுமாக வேனில் உட்கார்ந்துவிட்டோம். அவர் வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டு, மீசையைச் சரி பண்ணி, ஆறு பத்துக்கு வந்து ஏறினார். ஏறியதும் பிரயாணத்துக்காக ஒரு ஜெபம். நான் மூன்றாவது நிமிஷத்திலேயே இருமிவிட்டேன்.

டவுன்ஷிப்பை விட்டு வெளியே வந்ததும், "வடலூர் பக்கம் திருப்பு" என்றார்.

"பண்ருட்டி இந்தப் பக்கம்ங்க."

"குறிஞ்சிப்பாடியில ராஜாம்பாள் சிஸ்டருக்கு முடியல. ரெண்டு நிமிஷம் தலையில கைய வச்சு ஜெபிச்சிட்டுப் போயிடலாம்."

முடியாத மனுஷிக்கு ஜெபிக்கப் போகிறேன் என்பவரிடம் என்ன சொல்வது? திருப்பினேன். வடலூரில் டீக்கடை ஓரம் நிறுத்தச் சொல்லி, டீ குடித்துக்கொண்டிருந்த நாலு பேருக்குத் துண்டுப் பிரசுரம் கொடுத்தார். அவர்களில் ஒருத்தர் அந்தத் தாளிலேயே வடையின் எண்ணெயைப் பிழிந்தார். அவருக்கும் "ஸ்தோத்திரம்" சொல்லிவிட்டு வந்து ஏறினார். "மணி ஆகுதுங்க" என்றேன். "மெதுவா போ பொற்கொடி" என்றார்.

குறிஞ்சிப்பாடியில் ராஜாம்பாள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது ஏழு மணி. வாசல் பந்தலில் ஃபேன் வைத்து, வாடகைக்கு எடுத்த இருபது பிளாஸ்டிக் நாற்காலியை வரிசையாகப் போட்டிருந்தார்கள். அதில் ஜனங்கள் உட்கார்ந்திருந்தார்கள். முடியாத ராஜாம்பாள் இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று என்று இரண்டு குடம் தண்ணீரோடு எதிரே வந்தாள்.

"உடம்பு முடியலன்னாரே?" என்று கேட்டேன்.

"எனக்கு இன்னாம்மா, நல்லாதான் இருக்கறேன். பாஸ்டர் போன வாரமே போன் பண்ணிச் சொல்லிட்டாருங்க, வெள்ளிக்கெழம காலையில ஏழுலேர்ந்து ஒம்பது வரிக்கும் எங்க வூட்ல ஜெபம்னு. ஒங்களுக்கும் இங்கதான் டிபன். இட்லி வெந்துகினு இருக்குது."

ஏழிலிருந்து ஒன்பது. முகூர்த்தம் முடிகிற அதே ஒன்பது. எனக்கு உச்சந்தலையில் சுர்ரென்று ஏறியது. கூடாது என்று என் முகத்தைப் பார்த்துச் சொல்லத் துப்பில்லை. போகலாம் என்று சொல்லி, கருவாட்டுக் குழம்பையும் தின்றுவிட்டு, வழியில் இருபது நாற்காலி போட்டு வைத்திருக்கிறார். அவர் பாட்டுக்குச் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"ராஜாம்பாளுக்கு உடம்புக்கு என்னங்க?" என்று அவர் காதோடு கேட்டேன்.

"ஆத்துமாவுல பெலவீனம்" என்றார், கொஞ்சமும் வெட்கம் இல்லாமல்.

எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்ததால் உள்ளே போய் உட்கார்ந்தேன். ஒரு பாட்டுப் பாடினார்கள். "கண்களை மூடுவோம்" என்றார். எங்கள் சபையில் இது கண்டிப்பான ஒழுங்கு, ஆமென் வரும்வரை ஒருத்தரும் கண் திறக்கக்கூடாது. ஏழு இருபதுக்கு ஆரம்பித்தார். ராஜாம்பாளுக்காக, அவள் வீட்டுக்காரர் சிங்காரவேலுக்காக, அவர்கள் மாட்டுக்காக, மழைக்காக. ஐந்து நிமிஷம் பொறுத்து இருமினேன்.

அவர் நிறுத்தவில்லை. குரலை ஏற்றினார்.

பதினொரு வருஷத்தில் முதல் தடவை. ஒருவேளை காதில் விழவில்லையோ என்று, நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி இன்னொரு தரம் இருமினேன். "சத்துருவின் தந்திரங்களை முறியடியும் கர்த்தாவே" என்றார். நானா சத்துரு? சரி, இருந்துவிட்டுப் போகிறேன் என்று எழுந்தேன். நந்தினி ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தாள். வா என்று தாடையை ஆட்டினேன். கண்ணை மூடியிருக்கிற இருபது பேர் நடுவில் என் பட்டுப்புடவையும் அவள் பாவாடையும் சரசரத்துக்கொண்டு போயின. வேன் ஸ்டார்ட் ஆகிற சத்தம் அந்தத் தெருவுக்கே கேட்டிருக்கும். அப்போதும் ஒருத்தரும் கண் திறக்கவில்லை. அவ்வளவு ஒழுங்கான சபை.

முந்திரிக்காட்டு நடுவே போகிற குறுக்கு ரோட்டைப் பிடித்தேன். பள்ளமும் மேடுமாக ஆம்னி குதித்தது. நந்தினி மாமாவுக்கு மூன்று தரம் போன் போட்டாள், மேளச் சத்தத்தில் யார் எடுப்பார்கள்? ரயில்வே கேட் நெருங்கும்போது நானும் ஒரு ஜெபம் பண்ணினேன். ஆண்டவரே, கேட் மூடியிருக்கக்கூடாது. அவ்வளவுதான். கேட் திறந்தே இருந்தது. சுருக்கமாகக் கேட்டால் கிடைக்கும் என்பது என் அனுபவம்.

மண்டபத்து வாசலில் நான் இறங்கியபோது எட்டே முக்கால். உள்ளே கெட்டிமேளம் கொட்டிக்கொண்டிருந்தது. செருப்பைக் கழற்றக்கூட நிற்காமல் ஓடினேன். என்னைப் பார்க்கும் வரை தாலியைக் கையில் வாங்க மாட்டேன் என்று தம்பி ஒரு மணி நேரமாக அடம் பிடித்திருக்கிறான். நேரம் போகிறது என்று ஐயரும் பெண் வீட்டாரும் சத்தம் போட்ட பிறகுதான் வாங்கினானாம். நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனபோது முதல் முடிச்சைப் போட்டுவிட்டு, கயிற்றின் இரண்டு நுனியையும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தான். பவித்ராவின் அத்தை சின்னம்மாள் மீதி முடிச்சைப் போடக் கையை நீட்டினாள். அவன் முழங்கையால் அந்தக் கையைத் தள்ளினான்.

"எங்க அக்கா வந்துட்டுது."

சின்னம்மாள் என்னை மேலிருந்து கீழே பார்த்தாள். அவள் கண் என் நெற்றியில் நின்றது, அப்புறம் கழுத்தில் நின்றது.

"இன்னாடா இது, வெறும் நெத்தி, வெறுங்கழுத்து. புருசன் இருக்கறாரா இல்லியா? நல்ல காரியத்துல இந்தக் கையாலயா முடிச்சுப் போடறது?"

"இருக்காருங்க" என்றேன். "ஜெபத்துல இருக்காரு."

யாரோ சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அங்கே, முடிச்சுப் போடுவது பாவம் என்று கண்ணை மூடச் சொல்கிற ஒரு ஆள். இங்கே, கண்ணை அகலத் திறந்து என் கழுத்தை அளக்கிற ஒரு கூட்டம். இந்தக் கழுத்து என்னுடையது என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. ஐயர் கடிகாரத்தைப் பார்த்தார். சின்னம்மாள் வழி விடவில்லை. தம்பி நுனியை விடவில்லை. 

குனிந்திருந்த பவித்ரா தலையைத் தூக்காமலே பேசினாள். "அண்ணி, நீங்களே போடுங்க. எனக்குக் கழுத்து வலிக்குது."

போட்டேன். இரண்டாவதைப் போட்டேன். மூன்றாவதைப் போட்டுவிட்டு, இரண்டு தரம் இழுத்துப் பார்த்தேன். முடிச்சு எங்கே தளரும், ஊக்கு எங்கே நுழையும் என்று எனக்குத் தெரியும். தம்பி அப்போதுதான் மூச்சு விட்டான். எட்டு வயதில் பள்ளிக்கூட வாசலில் என் கையை விடும்போது பார்ப்பானே, அப்படி ஒரு பார்வை பார்த்தான். நான் அழுதேன். யார் பார்த்தால் எனக்கென்ன?

பத்தேகாலுக்கு சிங்காரவேலின் பைக்கில் பாஸ்டர் வந்து இறங்கினார். முடியெல்லாம் காற்றில் கலைந்து, வெள்ளைச் சட்டை முழுக்கப் புழுதி. நாலு பேர் முன்னால் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, மாப்பிள்ளை பெண்ணைப் பார்த்துப் பல்லைக் காட்டிவிட்டு நேராகப் பந்திக்குப் போனார். விருந்தில் ஒரு கறியை விடவில்லை, பாயசம் இரண்டு தரம். அங்கே எப்படி ஜெபத்தை முடித்தார் என்று சிங்காரவேலைத் தனியாகக் கேட்டேன்.

"அவரு எங்க முடிச்சாரு. ஒம்போதரைக்குக் கரண்டு போயிடுச்சிங்க. ஃபேன் நின்னதும் ஜனங்க கண்ணத் தொறந்துட்டாங்க" என்றார்.

திரும்பும்போது நேர் ரோட்டில் வந்தோம். காடாம்புலியூர் தாண்டியது. அப்புறம் கேட்டார்.

"முடிச்சுப் போட்டியா?"

"ரெண்டு போட்டேன்."

"ஒரு ஊழியக்காரன் பொண்டாட்டி செய்யற காரியமா இது? ஆண்டவருக்கு என்ன பதில் சொல்லுவ?"

"நீங்க மூணு அவுத்தீங்க. நான் ரெண்டு போட்டிருக்கேன். யாரு பதில் சொல்லணும்னு அவரே கேட்டுக்கட்டும்."

  பதில் கிடைக்காதபோது அவருக்கு இருக்கிறது ஒரே வழிதான். "இவளுக்காக ஜெபிப்போம்" என்று கையைத் தூக்கிக் கண்ணை மூடினார். என் பிடிவாதத்துக்காக, என் இருதயக் கடினத்துக்காக, என் நாக்குக்காகக் கேட்டார். எல்லாம் முடிந்ததும் திரும்பப் பிடிவாதத்துக்கு வந்தார். டவுன்ஷிப் வளைவு வந்தது, எங்கள் பிளாக் வந்தது, குரல் கம்மிப்போய் இழுத்துக்கொண்டிருந்தார். நடுவில் இரண்டு இடத்தில் நிறுத்தி, தலையை என் பக்கம் லேசாகச் சாய்த்தார். எதற்கு என்று எனக்குத் தெரியும்.

வீட்டு வாசலில் வேனை நிறுத்தி, சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

"அம்மா, அப்பா இன்னும் கண்ணத் தொறக்கல" என்றாள் நந்தினி.

"பூட்டல. அவரே வருவாரு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் புடவையை மாற்றினேன். காபி போட்டேன். சன்னல் வழியாகப் பார்த்தால், தூக்கிய கை தூக்கியபடி, வெயிலில் வேர்த்து ஊற்ற, வேனுக்குள் அப்படியே இருந்தார். எனக்கு இருமல் வரவில்லை.