தரை தட்டிய ஜெபம்

"நாலு பக்கமும் தண்ணின்னு நடுவுல நிக்கவனுக்கு எப்படி டீச்சர் தெரியும்?"

மூன்றாம் வகுப்பில் நான் தீவு பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது பெவின் என்ற பையன் எழுந்து கேட்டது இது. நான் புத்தகத்தைப் பார்த்தேன். அதில் பதில் இல்லை. "மொதல்ல கையக் கட்டிக்கிட்டு உக்காரு" என்றேன். அப்போது எனக்குத் தெரிந்த ஒரே பதில் அதுதான்.

நாசரேத்தில் பிறந்து, நாசரேத்தில் படித்து, நாசரேத்திலேயே வேலை பார்த்தவள் நான். பஸ் ஏறினால் கடல். ஆனாலும் வருஷா வருஷம் தீவு பாடம் நடத்திய ஜெயபாய் டீச்சராகிய நான் ஒரு தீவிலும் கால் வைத்ததில்லை. ஓய்வு பெற்றபின் எங்கள் சபைப் பெண்கள் ஐக்கியத்துக்குத் தலைவியானேன். வேறு யாரும் ஒத்துக்கொள்ளாததால் கிடைத்த பதவி. பதவி வந்ததும் செய்த முதல் காரியம், இரண்டு நாள் சுற்றுலா ஒன்றை அறிவித்தது. முதல் நாள் முத்துக் குளித்த கடற்கரை, மறுநாள் தீவு. வழிகாட்டி யார் என்று ஜாய் கேட்டாள். ஜாய் எங்கள் செயலாளர், தையல் கடை வைத்திருப்பவள், நாக்கிலும் ஊசி வைத்திருப்பவள்.

"நான்தான்" என்றேன்.

"அப்ப வழிய யாரு காட்டுவா?" என்றாள்.

முதல் நாள் கொற்கையில் வேனை நிறுத்தி, வாழைத் தோட்டத்தைக் காட்டி, பாண்டியர் காலத்தில் கப்பல்கள் வந்து முத்து ஏற்றிப்போன துறைமுகம் இதுதான் என்று விளக்கினேன். எங்களுடன் பக்கத்து வீட்டுச் சந்தனச்செல்வியும் வந்திருந்தாள். ஏரல் பக்கம் பிறந்த நெல்வயல்காரி, முத்தாரம்மனைக் கும்பிடுகிறவள். வேனில் ஓர் இடம் காலியாக இருக்கிறது என்றதும் கிளம்பிவிட்டாள்.

"கடல் எங்கக்கா?" என்று கேட்டாள்.

"அது உள்வாங்கி கெழக்க போயிட்டு."

"சொல்லாமயா போச்சு?"

எல்லோரும் சிரித்ததில் பாண்டியர் வரலாறு அங்கேயே முடிந்துபோனது.

மறுநாள் காலையில் தூத்துக்குடிக் கரைக்குப் போனால், பேசி வைத்திருந்த படகின் எஞ்சின் ஓடவில்லை. வனத்துறையில் இருக்கும் என் பழைய மாணவன் கிங்ஸ்டன் பாடுபட்டு வாங்கித் தந்த அனுமதி அந்த ஒரு நாளைக்கு மட்டும்தான். பக்கத்தில் தன் வள்ளத்தைக் கழுவிக்கொண்டிருந்தவரிடம் போய்க் கெஞ்சினேன். பெயர் ரோச். புன்னைக்காயல்காரர். ஐம்பது வயது இருக்கும்.

"இன்னைக்கு முடியாது டீச்சரம்மா. சாயங்காலம் அஞ்சு மணிக்கு எங்க அக்கா பேரனுக்கு ஞானஸ்நானம். நான்தான் ஞானத்தகப்பன்."

"அஞ்சு மணிக்குத்தான?" என்றாள் ஜாய்.

ரோச் துடைப்பத்தைக் கீழே வைத்தார். அப்பா வீட்டைப் பங்கு வைத்ததிலிருந்து அக்கா மெற்றில்டாவும் அவரும் பேசுவதில்லையாம். நாலு வருஷம் ஆகிறது. இப்போது அக்காவே ஆள் விட்டு, பிள்ளையைக் கையில் ஏந்த நீ வா என்று சொல்லியிருக்கிறாள். வராவிட்டால் இனி எந்த நாளும் வாசல் மிதிக்க வேண்டாம் என்றும் சேர்த்துச் சொல்லியிருக்கிறாள்.

"ரெண்டு மணிக்கு உங்கள இதே கரையில கொண்டாந்து விடுதோம். இது ஒரு உபதேசியார் மகளோட வாக்கு" என்றேன்.

அவர் எங்களைப் பார்த்தார். தொப்பியும் தூக்குவாளியுமாக வெயிலில் நின்ற எட்டுப் பெண்கள். பாவமாகத் தெரிந்திருக்க வேண்டும். "சரி, ஏறுங்க. அங்கன மத்தியானத்துக்கு மேல வத்தம். தண்ணி எறங்கிட்டுன்னா வள்ளம் தரை தட்டிரும். நான் கூப்பிட்ட உடனே ஏறிரணும்" என்றார்.

அவசரத்தில் ஜெபம் பண்ணாமலேயே கிளம்பிவிட்டோம். எங்கள் ஊரில் பக்கத்துத் தெருவுக்குச் சீட்டுக் கட்டப் போனாலும் ஜெபம் பண்ணிவிட்டுத்தான் போவோம். வழி நெடுக அந்தக் குறை என் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது.

தீவு அழகாகத்தான் இருந்தது. வெள்ளை மணல், செத்த பவளத் துண்டுகள், இடுப்பளவு புதர், பச்சைக் கண்ணாடி போலத் தண்ணீர். நான் கையை நீட்டி நீட்டி விளக்கினேன். முத்துச் சிப்பி என்று நான் எடுத்துக் காட்டியது வெறும் மட்டி என்று ரோச் மெதுவாகச் சொன்னார், மற்றவர்களுக்குக் கேட்காதபடி. நல்ல மனுஷர். புளியோதரையும் அவித்த முட்டையும் சாப்பிட்டு, மக்ரூன் டப்பாவைக் காலி செய்தோம். அப்போது ரோச் முழங்கால் தண்ணீரில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு குரல் கொடுத்தார்.

"டீச்சரம்மா, ஏறுங்க! வத்தம் தொடங்கிட்டு!"

"இந்தா வந்துட்டோம். ஒரு சின்ன ஜெபம்" என்றேன்.

கண்களை மூடினோம். காலையில் விட்டுப்போன ஜெபமும் பாக்கி இருந்ததால் இரண்டையும் சேர்த்தே தொடங்கினேன். நாட்டை ஆளுகிறவர்களுக்காக, மழைக்காக, திருமண்டலத்துக்காக, வடக்கே ஊழியம் செய்கிறவர்களுக்காக ஜெபித்தேன். எங்கள் தெருவின் நோயாளிகளைப் பெயர் சொல்லி, நோயையும் சொல்லி ஒப்புக்கொடுத்தேன். கடலில் உள்ள மீன்களுக்காகவும் தீவுகளில் வசிக்கிற ஜனங்களுக்காகவும் மன்றாடினேன். நடுவில் யாரோ இருமினார்கள். யாரோ உருகுகிறார்கள் என்று நினைத்து இன்னும் உருக்கமானேன். கடைசியில் ரோச்சுக்கு வந்தேன். "இந்தச் சகோதரனை ஏற்ற வேளையில் அவர் அக்காவிடம் கொண்டு சேரும் ஆண்டவரே" என்று கண்ணீரோடு கேட்டேன். மற்ற விண்ணப்பங்களை எல்லாம்விட இதற்குத்தான் அதிக நேரம் எடுத்துக்கொண்டேன்.

ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தபோது, வள்ளம் அடைகாக்கிற கோழி மாதிரி மணலில் உட்கார்ந்திருந்தது. ரோச் அதே இடத்தில், அதே கயிறோடு, தலையைக் குனிந்து நின்றார். முழங்காலில் இருந்த தண்ணீர் கணுக்காலுக்கு இறங்கியிருந்தது.

"கூப்பிடக் கூடாதா அண்ணாச்சி?" என்றேன்.

"இருமினேன் டீச்சரம்மா. ஜெபத்துல நிக்கவங்கள அதுக்கு மேல எப்படிக் கூப்பிட?"

ஜாய் சந்தனச்செல்வியின் பக்கம் திரும்பினாள். "ஏளா, நீ கண்ணத் தொறந்துதான இருந்த?"

"ஆமா."

"தண்ணி வத்துனதப் பாத்தியா?"

"நல்லாப் பாத்தேன்."

"ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"சாமிகிட்ட பேசிட்டு இருக்காவ, ஊடால நான் எப்படிப் பேச? எங்க கோயில்ல அருள் வந்து ஆடுதவள யாராவது தோளத் தட்டிக் கூப்பிடுவாளா?"

எட்டுப் பேரும் தண்ணீரில் இறங்கித் தள்ளினோம். வள்ளம் அசையவில்லை. நான்தான் அசைந்தேன். சேறு ஒரு செருப்பை வாங்கிக்கொண்டது. மற்றதை வைத்து என்ன செய்ய என்று அதையும் கொடுத்துவிட்டேன்.

"மோசே கடலப் பொளந்தாரு, ஜனங்க நடந்து போச்சு. நீங்க கடலயே வத்த வச்சி எங்கள உக்கார வச்சிட்டீங்களே டீச்சர்" என்றாள் ஜாய்.

ரோச் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. புன்னைக்காயலில் அக்கா வீட்டுக்கு முன்னமே போய்விட்டிருந்த தன் மனைவியைப் போனில் கூப்பிட்டு, வள்ளம் தட்டிவிட்டது என்று அக்காவிடம் சொல்லச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. கேட்டுவிட்டுப் போனைச் சட்டைப் பையில் போட்டார். என்ன சொன்னார்கள் என்று ஜாய் கேட்டாள்.

"என் தம்பி கண்ண மூடிக்கிட்டு ஓட்டுனாலும் வள்ளம் தட்டாது, வேற நல்ல பொய்யாச் சொல்லச் சொல்லுன்னுட்டாளாம்" என்றார். சொல்லிவிட்டு லேசாகச் சிரித்தார். "இதுவரைக்கும் ஒரு தடவகூட தட்டுனதில்ல டீச்சரம்மா. அதான் அவ நம்பல."

"என் ஜெபத்தாலதான்னு சொல்லிருங்க அண்ணாச்சி."

"வேண்டாம். ஜெபத்தக் குத்தம் சொல்லிட்டு நான் ஞானஸ்நானத்துக்குப் போவனா?"

பிறகு தன் குடிதண்ணீர் கேனை எடுத்துவந்து எங்கள் நடுவில் வைத்துவிட்டு, வள்ளத்தின் நிழலில் போய் உட்கார்ந்தார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். ஜெபிக்கலாம் என்றாலோ, வாயைத் திறக்கவே பயமாக இருந்தது.

தண்ணீர் ஏறி, வள்ளம் மிதந்து, நாங்கள் கரை சேர்ந்தபோது மணி ஐந்தை நெருங்கிவிட்டது. ரோச்சை எங்கள் வேனிலேயே ஏற்றிக்கொண்டு உப்பளங்களுக்கு நடுவே புன்னைக்காயலுக்கு விரட்டினோம். அவர் முன்சீட்டில் உட்கார்ந்து சாலையையும் ஓட்டுநரின் காலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

கோயில் வாசலில் இறங்கியபோது எல்லாம் முடிந்திருந்தது. ரோச்சுக்குப் பதிலாக அக்கா புருஷனின் தம்பியே பிள்ளையை ஏந்தியிருக்கிறார். ஜனங்கள் பலூன் கட்டிய ஒரு பந்தலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். ரோச்சின் மனைவி வந்து அவர் கையைப் பிடித்தாள். அவர் அசையவில்லை.

"அவளாக் கூப்பிடட்டும். கூப்பிடாம எப்படிப் போவ?" என்றவர், வலைகள் காயும் பக்கமாகப் போய் முதுகைக் காட்டி நின்றுகொண்டார்.

ஞானத்தகப்பன் இடம் போனது போனதுதான். அதை நானோ வேறு யாருமோ திருப்பித் தர முடியாது. ஆனால் அந்த அக்கா இந்த ராத்திரி எதை நம்பிக்கொண்டு தூங்கப் போகிறாள் என்பது இன்னும் முடிவாகவில்லையே என்று தோன்றியது.

"பாத்ரூம் போயிட்டு வாரேன்" என்று ஜாயிடம் சொல்லிவிட்டு வேனை விட்டு இறங்கினேன்.

பந்தல் வீட்டின் பின்பக்கம் ஒரு சந்து. கதவு திறந்திருந்தது. எல்லோரும் முன்னால் பந்தியில் இருந்தார்கள். அடுப்படியில் ஓர் அம்மாள் மட்டும் தனியாக நின்று அண்டாவிலிருந்து கறிக்குழம்பை வாளியில் மொண்டுகொண்டிருந்தாள். பட்டுச் சேலை, ரோச்சின் அதே மூக்கு.

"மெற்றில்டா அம்மாவா?"

அவள் என் சேறு பிடித்த சேலையையும் வெறுங்காலையும் பார்த்தாள். "நீங்க யாரு?"

"உங்க தம்பி வள்ளத்துல தீவுக்குப் போன டீச்சர். வள்ளத்த அவரு தட்ட விடல. நேரத்தோட எங்களக் கூப்பிட்டாரு. நான்தான் ஜெபம் பண்ணி நிறுத்தி வச்சிட்டேன்."

அகப்பை நின்றது. "ஜெபம் பண்ணியா? எம்புட்டு நேரம்?"

"கடல் வத்துத வரைக்கும்."

அவள் என்னை உற்றுப் பார்த்தாள். முகத்தில் முதலில் ஒன்றும் இல்லை. பிறகு உதடு ஓரத்தில் நெளிந்தது. "எங்க பங்குச் சாமிக்கே அவ்வளவு வராது. அப்படி என்ன கேட்டீங்க?"

"கடைசில உங்களுக்காகத்தான் கேட்டேன். அவரு நேரத்துக்கு உங்ககிட்ட வந்து சேரணும்னு."

மெற்றில்டா முந்தானையை வாயில் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாள் என்றுதான் நினைத்தேன். தோள் குலுங்கியது, கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. எது சிரிப்பு, எது அழுகை என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

"கயித்தப் பிடிச்சிக்கிட்டு தலையக் குனிஞ்சி நின்னிருப்பான்" என்றாள். "எங்க அப்பாவும் அப்படித்தான். செவம், வாயத் தொறந்து ஒண்ணு சொல்லித் தொலைக்கானா!"

"நான் வந்தத அவருகிட்ட சொல்லாண்டாம். நீங்களாக் கூப்பிட்டதா இருக்கட்டும்."

அவள் வாளியை இறக்கி வைத்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பேரன இங்க தாங்க" என்று கேட்டுக்கொண்டே வாசல் பக்கம் போனாள். நான் பின்கதவைச் சாத்திவிட்டுச் சந்தில் நடந்தேன். பாதி வழியில் அவள் குரல் பந்தல் பாட்டுக்கு மேலே கேட்டது.

"ஏலே ரோச்! அங்கன நின்னு என்னல செய்த? பிள்ளய வந்து வாங்குல, எனக்குக் கை கடுக்கு!"

நான் திரும்பிப் பார்க்கவில்லை. சந்தின் மணல் இன்னும் சுட்டது. வேகமாக நடந்து வேனில் ஏறினேன்.

"பாத்ரூம் எங்க இருந்துச்சு டீச்சர்? நானும் போவணும்" என்றாள் ஜாய்.

"தெரியல. போற வழியில பாத்துக்கலாம்" என்று சொல்லி ஓட்டுநரைக் கிளம்பச் சொன்னேன்.