சாமியில்லாத திடப்படுத்தல்

கிழக்கு ஜெர்மனியின் லிண்டன்ரோடா ஊரில் கிறிஸ்தவத்துக்கு ஆபத்து என்று முதலில் கண்டுபிடித்தவர் ஹார்ட்விக் ஷோகே. அதுவரை அந்த ஆபத்து தேவாலயத்துக்கே தெரியாது. மேயர் நாற்காலிக்கு நின்ற அவர், 'நம் கிறிஸ்தவ நாட்டைக் காப்போம்' என்று சாக்சனி மாநிலத்தின் பாதி வானத்தை மறைத்துப் பதாகை கட்டினார். வீடு வீடாகத் துண்டறிக்கையும் போட்டார். அதில் கோட்டும் சூட்டுமாக, பூங்கொத்தும் தடித்த புத்தகமும் ஏந்திய பதினான்கு வயது ஹார்ட்விக். கீழே, 'என் திடப்படுத்தல் நாள்'. பதின்வயதில் தேவாலயத்தில் விசுவாசத்தை உறுதிசெய்யும் சடங்குதான் அது.

மனைவி ஸீக்ரூன் அதைப் பார்த்ததும், குடித்த காப்பி மூக்கு வழியாக வந்தது.

“இது திடப்படுத்தலா? சாமியே கிடையாதுன்னு அந்தக் காலக் கம்யூனிஸ்ட் அரசாங்கம் நம்ம எல்லாருக்கும் நடத்துச்சே, அந்த விழாதானே இது. அப்போ குடுத்த அதே புத்தகம் எங்கிட்டயும் இருக்கு. ஆடுற மேசைக்கு முட்டுக் குடுத்திருக்கோம்.”

“யாருக்குத் தெரியப் போகுது?”

“அம்பது வயசு தாண்டின எல்லாருக்கும்.”

துண்டறிக்கைகளைத் திரும்ப வாங்கிவிடலாமா என்று ஹார்ட்விக் கணக்குப் போட்டுப் பார்த்தார். ஆனால் அச்சடித்தது அச்சடித்ததுதான்.

சனிக்கிழமை சந்தைத் திடலில் கூட்டம். அவர் வாயைத் திறப்பதற்குள், கூடப் படித்த லோத்தார் ஒரு பழைய படத்தைத் தூக்கிப் பிடித்தான்.

“டேய் ஹார்ட்விக், நானும் திடப்பட்டவன்தான்டா.”

அதே பூங்கொத்து, அதே புத்தகம். துண்டறிக்கையைப் பார்த்ததுமே எடுத்துவைத்த படத்துக்காக ஆளாளுக்குப் பையைத் துழாவினார்கள். ஊரே படம் தூக்கியது. எழுந்த சிரிப்பில் கோபுரத்துப் புறாக்கள் அடுத்த மாவட்டத்துக்குக் குடிபெயர்ந்தன. மேயர் நாற்காலி நாலு காலாலும் நடந்து போவது ஹார்ட்விக்கின் கண்ணுக்கே தெரிந்தது.

“படம் எதுவா இருந்தா என்ன?” என்று மைக்கில் அலறினார். “மனசால நாம எல்லாரும் கிறிஸ்தவங்கதான்.”

கைத்தட்டல் பறந்தது. அப்பாடா என்று அவர் மூச்சு விடுவதற்குள், தொத்திறைச்சிக் கடையருகே நின்ற பெண் போதகர் கெர்லிண்ட் ஊலிக், விரலில் ஒட்டிய கடுகுச் சாந்தைத் துடைத்துக்கொண்டு மேடையேறினார்.

“ரொம்ப சந்தோஷம். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் திடப்படுத்தல் வகுப்பு, பதிமூணு வயசுப் பிள்ளைங்களோட உட்காரணும். அப்புறம் ஞானஸ்நானம். ஞாயித்துக்கிழமை தவறாம ஆராதனை. சேர்றவங்க கையைத் தூக்குங்க.”

படம் ஏந்திய கைகள் இறங்கிய வேகத்தில் காற்றடித்தது. லோத்தாருக்கு அடுப்பை அணைக்காதது ஞாபகம் வந்தது. திடலில் பாதிப் பேருக்கு அதே அடுப்பு. பதாகையைப் பிடித்திருந்தவர்கள்கூட அதைச் சுருட்டி வேலியில் சாத்திவிட்டு நழுவினார்கள். கல்லில் கிடந்த தொத்திறைச்சியைத் திருப்பிப் போடுவதற்குள் திடல் காலி.

ஹார்ட்விக்கால் மட்டும் ஓட முடியவில்லை. எதிரே செய்தியாளர்களின் கேமராக்கள். மாட்டேன் என்றால் நாற்காலி போச்சு, சரி என்றால் ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம் போச்சு. போதகர் பக்கம் குனிந்து, கையில் மைக் இருப்பதை மறந்து, ரகசியமாகக் கேட்டார்.

“ஞானஸ்நானம்னா... தலையை நனைச்சே ஆகணுமா?”

ஓடிப்போனவர்களின் சமையலறை வரை ஒலிபெருக்கி அதைக் கொண்டு சேர்த்தது. ஜன்னலுக்கு ஜன்னல் சிரிப்பு வெடித்தது.

“நல்லாவே நனைச்சு விடுங்கம்மா” என்றாள் கீழே நின்ற ஸீக்ரூன். “மேயர் நாற்காலிதான் போச்சே, இனிமே இவரு ஞாயித்துக்கிழமையிலயும் சும்மாதான் இருப்பாரு.”